மாதிரி: டீசல், வயது பத்தொன்பது

வாரத்தில் ஆறு நாள் நான்
மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
ரத்தத்தைச் சுழற்றிப் பிரிப்பவள்.
மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு,
கீழே சிவப்பு வண்டல்.
அதனால்தான்
இண்டிகாவின் டர்போ குழாயைக் கழற்றிய அன்று
விரலில் ஒட்டிய கறுப்புப் பிசுக்கைப் பார்த்து
"வயசாச்சு, வித்துடுங்க" என்று மெக்கானிக் குணாளன் சொன்னபோது
நான் கேட்டது வேறு:
இதைப் பிரிக்க முடியாதா?

விஷயம் இவ்வளவுதான்.
பிஸ்டன் ஓரமாகக் கசியும் புகை
ஆயில் ஆவியையும் தோளில் தூக்கிக்கொண்டு
மேல்மூடி வழியே வெளியேறுகிறது.
செய்தவர்கள் அதை மறுபடி
அதன் வாயிலேயே ஊட்டிவிட்டிருக்கிறார்கள்.
பத்தொன்பது வருஷமாகத்
தன் ஏப்பத்தைத் தானே விழுங்கும் வண்டி.

முதுநகர் சலாவுதீன் ஹார்டுவேரில்
மூணு இஞ்ச் எல்போவை மேசைமேல் போட்டு
"எந்த பாத்ரூமுக்கு?" என்றார்.
காருக்கு என்றேன்.
எல்போவைத் திரும்ப வாங்கிக்கொண்டு
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
மறுபடி கொடுத்தார்.
பித்தளை நிப்பிள் இரண்டு,
ஆயில் தாங்கும் ஹோஸ் ஒரு மீட்டர், கிளிப் ஆறு.
டப்பா வீட்டிலேயே இருந்தது:
ஏதோ கல்யாணத்தில் கொடுத்த எவர்சில்வர் தூக்குவாளி,
அடியில் இரண்டு பேர் பெயர் பொறித்தது.
அவர்கள் பிரிந்து நாலு வருஷம்.
உள்ளே பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார்,
கம்பி பறந்து டர்போவுக்குள் போகாமல் இருக்க
டீ வடிகட்டியின் வலை.

காற்றுக்கும் ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது.
ரேடியேட்டருக்குப் பின்னால்
வெந்த காற்றைத்தான் இதுவரை குடித்திருக்கிறது.
தாழ்வாக வைத்தால் குளிர்ச்சி;
ஆனால் இது கடலூர்.
ஐப்பசியில் எந்தத் தெரு ஆறாகும் என்று
கெடிலத்துக்கே தெரியாது.
போன வெள்ளம் காம்பவுண்டில் விட்டுப்போன கோட்டுக்கு
நாலு விரல் மேலே,
ஹெட்லைட் ஓரமாக,
வாய் கீழே பார்க்க வைத்தேன்.

முதல் ஓட்டம் கன்னியக்கோயிலுக்கு,
எல்லை தாண்டினால் டீசல் விலை குறைவு என்று
ஊரில் பாதிப்பேர் போகிற அதே காரணத்துக்கு.
திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்டில்
கருகல் வாசனை.
பானெட்டைத் தூக்கினால்
டிப்ஸ்டிக் தன் குழாயிலிருந்து எழுந்து நிற்கிறது,
பதில் தெரிந்த பிள்ளை மாதிரி.
சுற்றிலும் ஆயில்.
போலீஸ்காரர் குனிந்து
தூக்குவாளியை விரலால் தட்டினார்.
"உள்ளே என்ன, சரக்கா?"
திறந்து காட்டினேன்.
இரண்டடி பின்னால் போய்
"எடுத்துட்டுப் போம்மா" என்றார்.

ஹோஸ் மடங்கியிருந்தது.
நாரையும் அளவில்லாமல் திணித்திருந்தேன்.
பிரிக்கிற ஆசையில்
மூச்சை அடைத்துவிட்டேன்.
பாதி நாரைப் பிடுங்கி எறிந்தேன்,
அகலமான ஹோஸுக்குச் சலாவுதீனிடம் மறுபடி போனேன்.
இந்தமுறை அவர் எதுவும் கேட்கவில்லை.

நாலு ஞாயிறு, எண்ணூறு கிலோமீட்டர்.
புகை குறைந்ததா?
அப்படியேதான் இருக்கு என்கிறார் குணாளன்.
லிட்டருக்குப் பதினாறு, பதினாறரை ஆகியிருக்கிறது;
அந்த அரை
என் ஆசை சேர்த்த கணக்காகவும் இருக்கலாம்.
ஆனால் டர்போ குழாய்க்குள்
வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தேன்.
பிசுக்கு இல்லை, புழுதி மட்டும்.
வாளியில் முப்பத்தைந்து மில்லி,
பால் விட்ட பழைய காப்பி நிறம்.
பாட்டிலில் ஊற்றி வைத்தால்
இரவுக்குள் தானே பிரிந்தது,
தண்ணீர் அடியில், ஆயில் மேலே.
கை பழக்கத்தில் லேபிளும் ஒட்டியது.
வயது: 19.
ஆணா பெண்ணா: கோடு.
வெறும் வயிற்றிலா: கால் டேங்க்.

திங்கள் காலை என் மேசையில் அதைப் பார்த்த பிலோமினா
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து
முகம் வெளுத்தாள்.
"ஐயோ, இது எந்த வார்டு?"

வாசல்ல நிக்குது என்றேன்,
வேப்பமரத்தடியில்.